இறால் குளத்துப் பசிலஸ் தூள்: எதற்கு வாங்கலாம், எதற்கு வாங்கக்கூடாது

வன்னியில் இறாலோ மீனோ வளர்ப்பவரின் கைக்குப் ‘புரோபயோட்டிக்’ என்று வந்து சேருபவை மூன்று வகை. ஒன்று, குளத்து நீருக்குப் போடும் தூள். இரண்டாவது, தீனியில் பூசிக் கொடுக்கும் தூள். மூன்றாவது, கலனில் வரும் திரவம். மூன்றுக்கும் ஒரே வாக்குறுதிதான்: அன்டிபயோட்டிக் இல்லாமல் பற்றீரியா நோயைத் தடுக்கும், அமோனியாவைக் குறைக்கும், அடிச்சேற்றைச் சுத்தமாக்கும். இந்த வாக்குறுதியில் எவ்வளவு உண்மை, எந்தப் பொதிக்குக் காசு கொடுக்கலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். குறிப்பிட்ட ஒரு கம்பனியின் பொருளைப் பற்றியதல்ல இது. கடையில் எந்தப் பெயரில் இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே பற்றீரியாக் குடும்பம்: பசிலஸ் சப்டிலிஸ், பசிலஸ் லைக்கனிஃபோமிஸ், பசிலஸ் பியூமிலஸ்.

முதலில் தீர்ப்பு. கையில் ஒரு பொதிக்குத்தான் காசு இருக்கிறதென்றால் தீனியில் பூசும் தூளை வாங்குங்கள். நீருக்குப் போடும் தூள் இரண்டாவது. அதையும் பொதியை உடைத்து அப்படியே குளத்தில் தூவுவதானால் வாங்காதீர்கள். திரவம் கடைசி. ஏன் இந்த வரிசை என்பதற்கு ஒரு சிறிய கணக்குப் போதும்.

பொதியில் 1×10⁹ சி.எவ்.யு. என்று இருந்தால் ஒரு கிராமில் 100 கோடி உயிருள்ள பற்றீரியா. கேட்கும்போது பெரிய எண்தான். ஆனால் ஒரு ஏக்கர் குளத்தில் ஒரு மீற்றர் ஆழத்துக்கு நீர் நின்றால் அது ஏறக்குறைய 4,000 கனமீற்றர், அதாவது 400 கோடி மில்லிலீற்றர். அரைக் கிலோத் தூளில் இருப்பது 50,000 கோடி. வகுத்தால் ஒரு மில்லிலீற்றர் நீருக்கு 125 பற்றீரியா வருகிறது. சாதாரணக் குளத்து நீரில் ஒரு மில்லிலீற்றருக்கு எல்லாவகைப் பற்றீரியாவும் சேர்ந்து பத்து இலட்சம் அளவில் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் 125 பேர் போய், இறாலைத் தாக்கும் விப்ரியோ என்ற பற்றீரியாவை வெல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அதே அரைக் கிலோவை, கிலோத் தீனிக்கு 5 கிராம் என்ற கணக்கில் பூசினால் 100 கிலோத் தீனிக்கு வரும். அப்போது ஒவ்வொரு கிராம் தீனியிலும் 50 இலட்சம் பற்றீரியா இருக்கும், அது நேரே இறாலின் குடலுக்குப் போகும். நோய்க்கிருமியோடு இடத்துக்குச் சண்டை நடக்கும் இடமும் அந்தக் குடல்தான்.

இருந்தாலும் நீருக்குப் போடும் தூளை ஒதுக்கிவிட முடியாது. குஞ்சு விட்ட முதல் வாரங்களில் இறால் நாம் போடும் தீனியை மட்டும் நம்பி இருப்பதில்லை. குளத்திலுள்ள நுண்ணுயிரும் பாசியும்தான் பாதிச் சாப்பாடு. உயிரை எடுக்கும் நோய் வருவதும் அந்தக் காலத்தில்தான். 2009இல் சீனாவில் முதலில் தெரியவந்து, பிறகு வியட்நாம், தாய்லாந்து என்று பரவிய ‘ஆரம்பகால இறப்பு’ நோய், குஞ்சு விட்டு 30, 35 நாட்களுக்குள் குளத்தைக் காலி செய்தது. அதற்குக் காரணம் ஒரு குறிப்பிட்ட விப்ரியோ பரஹீமோலிட்டிக்கஸ் என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பற்றீரியா, பிளாஸ்மிட் என்ற சிறிய மரபணு வளையத்தில் இரண்டு நச்சு மரபணுக்களைச் சுமக்கிறது. நச்சு இறாலின் ஈரலைச் சிதைக்கிறது. ஈரல் வெளிறிச் சுருங்கும், குடல் வெறுமையாக இருக்கும், ஈரலை விரலால் நசுக்கினால் எளிதில் நசுங்காது. பிளாஸ்மிட் என்பது ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்பதை நினைவில் வைத்திருங்கள். அன்டிபயோட்டிக்குக்கு அசையாத குணமும் இதே வழியில்தான் தாவுகிறது.

அன்டிபயோட்டிக் ஏன் வேண்டாம் என்பதற்கு ஏற்றுமதி நிராகரிப்பு மட்டும் காரணமல்ல. குளோரம்பெனிகோல் எச்சம் இருந்ததால் 2001, 2002இல் ஆசிய இறாலை ஐரோப்பா திருப்பி அனுப்பியது எல்லோருக்கும் தெரியும். பண்ணைக்குள்ளேயே அது வேலை செய்யாது என்பதுதான் முதற் காரணம். நோய் வந்த இறால் தீனி எடுப்பதை நிறுத்துகிறது. மருந்து கலந்த தீனியைத் தின்பது நோயில்லாத இறால். மிச்சம் நீரில் கரைந்து அடிச்சேற்றுக்குப் போய், அங்கேயிருக்கும் விப்ரியோவுக்கு மருந்தைத் தாங்கப் பழக்குகிறது. போதாததற்கு, காசு கொடுத்துப் போட்ட பசிலஸையும் கொல்கிறது. தூளும் அன்டிபயோட்டிக்கும் ஒரே குளத்தில் ஒன்றாக இருக்க முடியாது.

இனி நீர்த்தூளை எப்படிப் பயன்படுத்துவது. பொதியிலுள்ளது வித்தி, அதாவது பசிலஸ் உறங்கும் வடிவம். அதை எழுப்பி, பெருக்கி, பிறகுதான் ஊற்ற வேண்டும். 200 லீற்றர் பிளாஸ்டிக் பரல் ஒன்றில் 100 லீற்றர் நீர் எடுங்கள். நீர் எங்கிருந்து என்பதுதான் முழு வேலையின் உயிர்நாடி. குளத்து நீரையோ களப்பு நீரையோ அப்படியே எடுத்தால் அதிலுள்ள விப்ரியோவும் சேர்ந்து பெருகும். சீனிச்சத்தும் காற்றும் அதற்கும் பிடித்தவை. கிணற்று நீராக இருந்தாலும் முதல் நாளே சிறிது குளோரீன் போட்டு, ஒரு நாள் முழுக்கக் காற்றுக் குமிழி விட்டு, குளோரீன் சோதனைத் துளியில் நிறம் வராததைப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள். அதில் அரைக் கிலோத் தூள், இரண்டு கிலோ மொலாசஸ், கொதிக்கவைத்து ஆறிய தவிடு ஒரு கிலோ. காற்றுக்கல் இரண்டு போட்டு இடைவிடாமல் குமிழி வர வேண்டும். கறன்ட் போய் இரண்டு மூன்று மணித்தியாலம் குமிழி நின்றால் பரலுக்குள் ஒட்சிசன் தீர்ந்து வேறு கிருமிகள் கைப்பற்றிவிடும். பற்றறியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

12 மணித்தியாலத்துக்குப் பிறகு மேலே நுரை கட்டும், இனிப்பும் புளிப்புமாக மணக்கும். 24 மணித்தியாலத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். அழுகிய முட்டை மணம் வந்தால் பரலோடு கவிழ்த்து, குளோரீன் போட்டுக் கழுவுங்கள். அந்த நீர் குளத்துக்குப் போகக்கூடாது. சிலர் பழைய பரலில் அடியில் பத்து லீற்றர் விட்டுவைத்து அடுத்த முறைக்கு உறையாகப் போடுகிறார்கள், தூள் மிச்சம் என்பதற்காக. இரண்டாம் மூன்றாம் முறையில் பரலில் வளர்வது பசிலஸ் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிய தூள்தான்.

ஊற்றும் நேரம் காலை ஒன்பது, பத்து மணி. அப்போது பாசி வேலை தொடங்கி நீரில் ஒட்சிசன் ஏறிக்கொண்டிருக்கும். பின்னேரம் ஊற்றினால் இரவில் இறாலும் பாசியும் பற்றீரியாவும் ஒரே ஒட்சிசனுக்குப் போட்டி போடும். விடியற்காலை இறால் நீர்மட்டத்தில் மிதப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். காற்றூட்டிச் சக்கரங்களை ஓடவிட்டபடி, அவற்றின் முன்னால் ஊற்றுங்கள்.

குளம் தயாரிக்கும்போதுதான் இந்தத் தூளுக்கு உண்மையான பெறுமதி. நீர் ஏற்றி, 65 வீத குளோரீன் தூளை ஏக்கருக்கு 120 கிலோ அளவில் போடும்போது நீரில் 20 பி.பி.எம்., அதாவது லீற்றருக்கு 20 மில்லிகிராம் அளவு குளோரீன் நிற்கும். நண்டு, காட்டு இறால், மீன் எல்லாம் சாகும், விப்ரியோவும் சாகும். ஆனால் காடு வெட்டி எரித்த தரையில் முதலில் முளைப்பது புல்தானே. குளோரீன் போனதும் அந்த வெறும் நீரில் முதலில் பெருகுவது விப்ரியோ. செத்த உயிரினங்களின் சத்தெல்லாம் அதற்குச் சாப்பாடு. குளோரீன் போட்ட மூன்றாம் நாளே குஞ்சு விடுபவர்கள் நீர் கண்ணாடிபோல் இருக்கிறது என்று மகிழ்கிறார்கள். அந்தத் தெளிவுதான் ஆபத்து. குளோரீன் முற்றாகப் போனதைச் சோதித்து, வளர்த்த பசிலஸைக் கிழமைக்கு இரண்டு தடவையாகப் பத்து நாளுக்கு ஊற்றி, நீர் பச்சையோ மண்ணிறமோ பிடித்த பிறகு குஞ்சு விடுங்கள். குஞ்சு விட்ட பின் முதல் 45 நாளும் கிழமைக்கு இரண்டு தடவை, பிறகு ஒரு தடவை.

தூள் வேலை செய்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. விப்ரியோவை எண்ண வேண்டும். அதற்கு டி.சி.பி.எஸ். என்ற தட்டு இருக்கிறது. குளத்து நீரில் 0.1 மில்லிலீற்றர் எடுத்துத் தட்டில் பரப்பி, 30 பாகையில் ஒரு நாள் வைத்தால் விப்ரியோ மட்டும் புள்ளி புள்ளியாக முளைக்கும். எண்ணி பத்தால் பெருக்கினால் ஒரு மில்லிலீற்றரிலுள்ள எண்ணிக்கை. மஞ்சள் புள்ளி சீனியைப் புளிக்கச் செய்யும் வகை, பச்சைப் புள்ளி செய்யாத வகை. பரஹீமோலிட்டிக்கஸ் பச்சையில்தான் வரும். மொத்தம் மில்லிலீற்றருக்கு ஆயிரத்துக்குள்ளும், பச்சை நூறுக்குள்ளும் இருந்தால் பண்ணையாளர்கள் நிம்மதியாக இருப்பது வழக்கம். தட்டை 18இலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் மஞ்சள் புள்ளிகளும் பச்சையாகத் திரும்பி வீணாகப் பயமுறுத்தும். மொலாசஸை அளவுக்கு மீறி ஊற்றும் குளங்களில் மஞ்சள் ஏறுவதைக் காணலாம், அது தூளின் குற்றமல்ல. பச்சைப் புள்ளி எல்லாமே கொலைகாரனும் அல்ல. நச்சு மரபணு இருக்கிறதா என்பதைத் தட்டு சொல்லாது, பி.சி.ஆர். சோதனைதான் சொல்லும். தட்டின் பயன் போக்கைப் பார்ப்பது: இந்தக் கிழமை பச்சை போன கிழமையைவிடப் பத்து மடங்கு என்றால் அன்றே தீனியை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அடியிலுள்ள கழிவை வெளியேற்றுங்கள். எங்களைக் கேட்டால், இரண்டு பொதி வாங்கும் காசில் ஒரு பொதியும் மிச்சத்துக்குத் தட்டும் வாங்குவது புத்தி.

தீனியில் பூசும் தூளுக்கு வேலை சுலபம். கிலோத் தீனிக்கு 5 கிராம் தூளை 50 மில்லிலீற்றர் சுத்த நீரில் கரைத்து, சீராகத் தெளித்துப் புரட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து மீனெண்ணெயோ அடித்த முட்டை வெள்ளைக்கருவோ 15 மில்லிலீற்றர் பூசி, நிழலில் அரை மணித்தியாலம் உலரவிடுங்கள். எண்ணெய்ப் பூச்சு இல்லாவிட்டால் தீனி நீரில் விழுந்த சில நிமிடத்தில் தூள் கழுவுப்பட்டுப் போகும். வெயிலில் காயப்போடாதீர்கள். பூசிய தீனியை அன்றே முடியுங்கள், ஈரத் தீனி மறுநாள் பூஞ்சணம் பிடிக்கும். நாளைக்கு நான்கு வேளை என்றால் இரண்டு வேளைக்குப் போதும். மிச்ச வேளைகளில் உள்ளி அரைத்துக் கிலோவுக்கு 10 கிராம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளிச்சாறு பற்றீரியாவைக் கொல்லும் குணமுள்ளது, ஆகவே பசிலஸ் பூசிய அதே வேளைத் தீனியில் சேர்க்காதீர்கள்.

அமோனியா பற்றிய வாக்குறுதிதான் பொதிகளிலேயே அதிகம் மிகைப்படுத்தப்பட்டது. பசிலஸ் அமோனியாவைத் தன் உடம்பாக்கிக்கொள்ளும், ஆனால் அதற்குக் காபன் வேண்டும். ஒரு கிராம் அமோனியா நைதரசனுக்கு 20 கிராம் மாச்சத்து என்பது கணக்கு. அதைக் கொடுக்காமல் தூளை மட்டும் போட்டு அமோனியா இறங்கும் என்று காத்திருந்தால் இறங்காது. அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியா வேறு இனம். அவற்றுக்கு வித்தி கிடையாது, உலர்த்திப் பொதியிலிட்டு வெயிலில் ஏற்றிவந்தால் உயிரோடு இருக்காது. தூள் பொதியில் அந்தப் பெயர்களையும் சேர்த்து அச்சிட்டிருந்தால் அந்தப் பொதியைத் திருப்பி வையுங்கள்.

திரவ வகைகளில் இளஞ்சிவப்பாக வரும் ஒளிச்சேர்க்கைப் பற்றீரியா கறுத்த அடிச்சேற்றுக்குப் பயன் தரும். வேறு பெரிய பயன் இல்லை. தோட்டத்துக்கு விடும் ஈ.எம். கரைசலை இறால் குளத்துக்கு ஊற்றுவது வேண்டாத செலவு.

பொதியை வாங்கும்போது விலையைக் கிலோவுக்குப் பார்க்காதீர்கள். எண்ணிக்கைக்குப் பாருங்கள். ஒரு கிராமில் 100 கோடி உள்ள தூளைவிட 1,000 கோடி உள்ள தூள் ஐந்து மடங்கு விலையானாலும் அதுதான் மலிவு. இனப் பெயர், எண்ணிக்கை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி ஐந்தும் இல்லாத பொதி வேண்டாம். இந்தியாவிலிருந்து வருவதென்றால், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சென்னையில் இயங்கும் கரையோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபையின் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அன்டிபயோட்டிக் கலக்கவில்லை என்று உறுதிசெய்த உள்ளீடுகளுக்கு அவர்கள் பதிவு கொடுக்கிறார்கள். போட்ட மறுநாளே இறப்பு நின்றது என்று ஒரு ‘புரோபயோட்டிக்’ பெயர் வாங்கியிருந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். பசிலஸ் அவ்வளவு விரைவாக வேலை செய்வதில்லை. உண்மையில் வித்திதான் இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு: தூளைக் கரைத்து 80 பாகையில் பத்து நிமிடம் வைத்து, ஆறியபின் சாதாரண ஏகார் தட்டில் பரப்பினால் வித்தி மட்டும் பிழைத்து முளைக்கும். நுண்ணுயிரியல் ஆய்வுகூடம் உள்ள எந்த இடத்திலும் செய்யக்கூடிய எளிய வேலை. ஐந்தாறு பண்ணையாளர் சேர்ந்து ஒரு தொகுதிக்கு ஒரு தடவை செய்வித்தால் போதும்.

எதற்கு இந்தத் தூள் உதவாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய் வைரசு. ஓட்டில் வெள்ளைப் புள்ளி, சிவந்த உடல், கரையோரம் ஒதுங்கல், சில நாளில் கூட்டம் கூட்டமாக இறப்பு என்று வந்தால் எந்தப் பொதியும் காப்பாற்றாது. வளர்ச்சி நின்று, வெள்ளைக் கழிவு மிதந்தால் ஈ.எச்.பி. என்ற நுண்ணொட்டுண்ணியாக இருக்கலாம், அதுவும் பற்றீரியா அல்ல. அந்த நேரத்தில் மேலும் தூள் வாங்கக் கடன்படாதீர்கள். தேசிய நீர்வாழ் உயிரினங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கு, அதாவது நெக்டாவுக்கு, அறிவித்து மாதிரியைச் சோதியுங்கள். முக்கியமாக, மதகைத் திறக்காதீர்கள். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகள் வீச்சு வலையோடு இறங்கும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு. நோய்க்குளத்து நீரைக் குளோரீன் போட்டு, நாட்கணக்கில் நிறுத்தி வைத்த பிறகே வெளியேற்ற வேண்டும்.

மாரி மழை இங்கே தூளின் பெரிய எதிரி. கார்த்திகையில் இரண்டு நாள் பெய்தால் மேல் நீர் நன்னீராகி, உப்பு நீர் அடியில் தங்கும். அடியில் ஒட்சிசன் போகும், இறால் களைக்கும், விப்ரியோ ஏறும். மழை தொடங்கியதுமே மேல்நீரை வழிந்தோட விட்டு, சக்கரத்தை நிறுத்தாமல் ஓட்டி, அணைக்கட்டுச் சரிவில் சுண்ணாம்பு தூவி வைப்பது பொதி வாங்குவதைவிட முந்திய வேலை. காரத்தன்மை 100 பி.பி.எம்.முக்குக் கீழே போனால் டொலமைட் போட்டு ஏற்றுங்கள். சோளகக் காலத்தில் நிலைமை மறுபக்கம். களப்பு வற்றி உப்பு கடலைவிட ஏறும், அந்த நீரை நேரே குளத்துக்கு ஏற்றக்கூடாது. சேமிப்புக் குளம் ஒன்று வைத்து அதில் திலாப்பியா விடலாம். பிலிப்பைன்சில் திலாப்பியா வாழ்ந்த பச்சை நீரைக் கொண்டு, ஒளிரும் விப்ரியோவான விப்ரியோ ஹார்வியைக் கட்டுப்படுத்தினார்கள். உப்பைத் தாங்கும் மொசாம்பிக் திலாப்பியா 1952இலேயே இலங்கைக்கு வந்தது, எங்கள் குளங்களில் தேடிப் போக வேண்டியதில்லை.

நன்னீர் மீனுக்கு இந்தத் தூள் வேண்டுமா? வவுனிக்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு போன்ற பெரிய பாசனக் குளங்களில் குஞ்சு விட்டுப் பிடிக்கும் சங்கங்களுக்கு வேண்டவே வேண்டாம். அந்த நீர்ப்பரப்புக்கு மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள். வீட்டுப் பின்புற மண்குளத்திலும் தொட்டியிலும் திலாப்பியா, கெண்டை நெருக்கமாக வளர்ப்பவர்கள் தீனித் தூளை மட்டும் பாவிக்கலாம். அங்கே வரும் நோய் பெரும்பாலும் இரண்டு. வயிறு வீங்கி, செதிலடியில் இரத்தம் கசிந்தால் ஏரோமோனஸ். கண் பிதுங்கி வெண்படலம் கட்டி, வட்டமிட்டுச் சுழன்றால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ். நீர் 30 பாகைக்கு மேல் சூடேறும் பங்குனி, சித்திரையில் இரண்டாவது பாயும். அப்போது தீனியை இரண்டு மூன்று நாள் முழுவதும் நிறுத்தி, மீன் அடர்த்தியைக் குறைத்து, செத்ததை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அள்ளிப் புதைப்பது எந்தத் தூளைவிடவும் உயிரைக் காக்கும். குஞ்சு வாங்கி வந்ததும் லீற்றருக்கு 10 கிராம் உப்புக் கரைத்த நீரில் பத்து நிமிடம் வைத்துவிடுங்கள். மீன் சரிந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். பொட்டாசியம் பெர்மங்கனேற்று போட்டவர்கள், நிறம் முற்றாகப் போன பிறகே பசிலஸைத் தொட வேண்டும்.

கடைசியாகப் பொதியை வைக்கும் இடம். தகரக் கூரைக்குக் கீழே, குளோரீன் வாளிக்குப் பக்கத்தில் வைத்த தூள் மாதக்கணக்கில் நிற்காது. வித்தி நீண்டகாலம் உறங்க வேண்டுமென்றால் தூள் உலர்ந்திருக்க வேண்டும். பொதி திறந்து காற்றின் ஈரம் பட்டால் தூள் கெட்டுப்போகும். பத்துக் கிலோப் பையில் விலை குறைவாக இருந்தாலும் அரைக் கிலோ ஈயத்தாள் பொதிகளாக, ஒரு மாதத்தில் முடியும் அளவுக்கு வாங்கி, ஓலைக் கொட்டிலில் மூடிய வாளிக்குள் வையுங்கள்.